செல்ஃப் அடிக்குது, ஆனா கார் ஸ்டார்ட் ஆகலையா? பெட்ரோலை நிறுத்தும் 'இனெர்ஷியா சுவிட்ச்' எங்கே இருக்கும், ரீசெட் செய்வது எப்படி? முழு விவரம்

ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கும், ஆடித் திருவாதிரைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தில் கூட்டம் அலைமோதும். திருச்சி - சிதம்பரம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் என்பதால் கார்கள் வந்துகொண்டே இருக்கும். கோயில் பக்கத்தில் இடம் கிடைக்காதவர்கள் சாலை ஓரத்திலும் காலி மனையிலும் காரை விட்டுவிட்டு நடந்து வருவார்கள்.

தரிசனம் முடிந்து திரும்பி வந்து சாவியைத் திருகினால், செல்ஃப் நன்றாக அடிக்கிறது. லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. டேங்கில் பெட்ரோலும் இருக்கிறது. ஆனால் இன்ஜின் மட்டும் உயிர் பெறவில்லை. பின்பக்க பம்பரைப் பார்த்தால் புதிதாக ஒரு கீறல். யாரோ ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பலர் நினைப்பது, "பெட்ரோல் பம்ப் போச்சு" என்றுதான். ஜெயங்கொண்டத்திலிருந்து மெக்கானிக் வரவேண்டும், இல்லையென்றால் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கும்பகோணத்துக்கு டோ செய்து கொண்டுபோக வேண்டும். உண்மையில் சில கார்களில் இதற்குத் தேவைப்படுவது ஒரே ஒரு பட்டனை அழுத்துவது மட்டும்தான். அதன் பெயர் 'இனெர்ஷியா சுவிட்ச்'. எரிபொருள் துண்டிப்பு சுவிட்ச் என்றும் சொல்லலாம்.

ஆனால் அந்தப் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் அழுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அது என்ன?

இனெர்ஷியா சுவிட்ச் என்றால் என்ன?

வீட்டில் மின்கசிவோ அதிக லோடோ வந்தால் மெயின் போர்டில் இருக்கும் சுவிட்ச் தானாக ட்ரிப் ஆகிவிடும் இல்லையா? அதே வேலையைத்தான் காரில் இது செய்கிறது. கார் எதன் மீதாவது பலமாக மோதினாலோ, மற்றொரு வண்டி வந்து மோதினாலோ, கார் கவிழ்ந்தாலோ, பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சாரத்தை இந்த சுவிட்ச் துண்டித்துவிடும். பம்ப் நின்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் வராது. இன்ஜினும் நின்றுவிடும்.

உள்ளே இருப்பது என்ன?

இதில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கூம்பு வடிவக் குழிக்குள் ஒரு இரும்புக் குண்டு. அதைக் கீழே இருந்து ஒரு காந்தம் பிடித்து வைத்திருக்கும். சாதாரண ஓட்டத்தில் வரும் குலுக்கலுக்குக் காந்தத்தின் பிடி போதும். பலமான மோதல் வந்தால், கார் திடீரென நிற்கும். குண்டு மட்டும் தன் போக்கில் நகரப் பார்க்கும். பஸ் சடன் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்வது போலத்தான்.

அப்போது காந்தத்தின் பிடியிலிருந்து விடுபடும் குண்டு, கூம்பின் சரிவில் ஏறி மேலே இருக்கும் தகட்டைத் தட்டும். மின் இணைப்பு விலகும். மேலே உள்ள பட்டனும் எழும்பி நிற்கும். கையால் அழுத்தும் வரை அது அப்படியே இருக்கும்.

முக்கியமான விஷயம், இது முழுக்க இயந்திர அமைப்பு. சாவி ஆஃப் நிலையில் இருந்தாலும், காரில் ஆளே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். நிறுத்தி வைத்த காரை யாராவது இடித்தால் ட்ரிப் ஆவது இதனால்தான்.

பெட்ரோலை ஏன் நிறுத்த வேண்டும்?

பழைய கார்புரேட்டர் கார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தே சுழலும். இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்த பிறகு, மின்சாரத்தில் ஓடும் பம்ப் பெட்ரோல் டேங்குக்குள் வந்தது. பொதுவாக 3 முதல் 4 பார் அழுத்தத்தில் அது பெட்ரோலைக் குழாய் வழியாக முன்பக்கம் தள்ளும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மோதலில் குழாய் எங்கோ வெடித்துவிட்டது, ஆனால் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால், அந்த அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் சைலன்சர் குழாய் இருக்கும். அறுந்த வயரிலிருந்து தீப்பொறியும் பறக்கலாம்.

பெட்ரோல் ஆவி தீப்பிடிக்க வெயில் கூடத் தேவையில்லை. மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிரிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் காருக்கு அடியிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும்.

இந்தியாவில் கார்களுக்கான மோதல் சோதனையிலும் இது ஓர் அளவுகோல். முன்பக்க மோதலுக்கான ஏ.ஐ.எஸ். 098 விதி 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லா மாடல்களுக்கும் கட்டாயமானது. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் மோத வைத்த பிறகு, எரிபொருள் கசிந்தாலும் நிமிடத்துக்கு 30 கிராமைத் தாண்டக் கூடாது என்பது அதில் உள்ள நிபந்தனைகளில் ஒன்று.

"ஆக்சிடென்ட்டே ஆகலையே, அப்புறம் ஏன்?"

பெரிய விபத்து நடந்தால்தான் ட்ரிப் ஆகும் என்பதில்லை. பார்க்கிங்கில் லேசாக இடிபட்டாலும் சில நேரம் ட்ரிப் ஆகலாம். வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடையில் வேகமாக ஏறி இறங்குவது, மழைநீர் தேங்கிய பள்ளத்தில் டயர் தடாலென்று விழுவது, தார்ச்சாலையிலிருந்து மண் ஓரத்தில் வேகமாக இறங்குவது ஆகியவையும் காரணமாகலாம். சிமென்ட் ஆலைகளுக்கு லாரிகள் ஓயாமல் ஓடும் அரியலூர் மாவட்டத்தில் இப்படிப்பட்ட பள்ளங்களைப் பற்றி ஓட்டுநர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுவிட்ச் பொருத்தப்பட்ட ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும், சுவிட்சே பழசாகிப் போயிருந்தாலும் சின்ன அதிர்வுக்கே ட்ரிப் ஆகும்.

சுவிட்ச்தான் காரணமா? கண்டுபிடிப்பது எப்படி?

* செல்ஃபே சுற்றவில்லை, 'டக் டக்' என்று மட்டும் சத்தம் வருகிறது என்றால் அது பேட்டரி அல்லது ஸ்டார்ட்டர் பிரச்சினை. இந்த சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

* செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் மீட்டரில் சாவி அல்லது பூட்டு படம் வேகமாகச் சிமிட்டுகிறது என்றால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். இரண்டாவது சாவி இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

* செல்ஃப் சுற்றுகிறது, சாவி விளக்கும் சரியாக அணைகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவே இல்லை. அதற்குச் சற்று முன் கார் எங்கோ இடித்தது அல்லது குலுங்கியது. அப்படியென்றால் இனெர்ஷியா சுவிட்ச் மீது சந்தேகப்படலாம்.

பெட்ரோல் காருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பெட்ரோல் வாடையோ கசிவோ இல்லை என்று உறுதி செய்த பிறகு, ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெரும்பாலான கார்களில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு, மூன்று விநாடிகளுக்கு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அதுதான் பம்ப். எந்தச் சத்தமும் இல்லையென்றால் பம்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பம்ப் பழுது. சுவிட்ச், ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். செலவில்லாமல் பார்க்கக்கூடியது சுவிட்ச் என்பதால் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

எந்தக் கார்களில் இருக்கும்?

எல்லாக் கார்களிலும் இது இருக்காது. தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய ஃபோர்டு, ஃபியட் கார்களில்தான் இந்தப் பெயர் அதிகம் அடிபடும். வேறு நிறுவனங்களின் சில மாடல்களிலும் உண்டு.

மறைமலைநகரில் கார் தயாரித்துவந்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஃபியட் பெயரிலும் இப்போது இங்கே புதிய கார் விற்பனையில் இல்லை. எனவே இந்தக் கார்கள் இன்று பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கை மாறியவை. காரோடு வரவேண்டிய கையேடு பாதி வண்டிகளில் காணாமல் போயிருக்கும். இப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தெரியாமல் ஓட்டுபவர்கள் இருப்பது அதனால்தான்.

சுவிட்ச் எங்கே இருக்கும்?

மாடலுக்கு மாடல் இடம் மாறும். பொதுவாகத் தேட வேண்டிய இடங்கள் இவை:

* முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில், கதவை ஒட்டிய பக்கவாட்டு பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால். டிரைவர் பக்கம், பக்கத்து சீட் என இரண்டு பக்கமும் பாருங்கள். சில கார்களில் பேனலில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருப்பார்கள். அதற்குள் விரலை விட்டால் பட்டன் தட்டுப்படும்.

* டேஷ்போர்டுக்கு அடியில், க்ளவ் பாக்ஸ் பக்கம் அல்லது நடு கன்சோல் ஓரம்.

* பானெட்டைத் திறந்தால், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில்.

* டிக்கியில் பக்கவாட்டு விரிப்புக்குப் பின்னால். வெளிநாட்டில் விற்ற சில ஃபோர்டு கார்களில் இங்கேதான் இருக்கும்.

பார்ப்பதற்குத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அடியில் வயர், தலையில் ஒரு பட்டன். கையேட்டின் கடைசிப் பக்க அகரவரிசையில் 'இனெர்ஷியா சுவிட்ச்', 'ஃப்யூயல் கட் ஆஃப்', 'ஃப்யூயல் ஷட் ஆஃப்' என்ற மூன்று பெயரிலும் தேடிப் பாருங்கள். கையேடு இல்லையென்றால் உங்கள் மாடல், ஆண்டு இரண்டையும் போட்டு இணையத்தில் தேடினால் பல மாடல்களுக்குக் கிடைக்கும்.

அழுத்துவதற்கு முன்: இந்த 5 நிமிடம் அவசியம்

பட்டன் எழும்பி நிற்கிறது என்றால் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று பொருள். கார் பலமாக அதிர்ந்திருக்கிறது, எங்காவது பெட்ரோல் கசியலாம் என்று அது எச்சரிக்கிறது. கசிவு இருக்கும்போது பட்டனை அழுத்திச் சாவியைத் திருப்பினால், நின்றிருந்த பம்பை நாமே மறுபடி ஓட விட்டு, வெளியே பெட்ரோலைப் பீய்ச்ச வைக்கிறோம். எனவே முதலில் இவற்றைச் செய்யுங்கள்:

1. சாவியை ஆஃப் செய்து கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். நெடுஞ்சாலை என்றால் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு எல்லோரையும் காரைவிட்டு இறக்கி, சாலை ஓரத்திலிருந்து தள்ளி நிற்க வையுங்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் முதலில் இறக்குங்கள்.

2. முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். காரைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்து வாருங்கள். பெட்ரோல் வாடை வருகிறதா? வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டன் பக்கமே போக வேண்டாம்.

3. காருக்கு அடியில் பாருங்கள். வெளிச்சத்துக்கு டார்ச் மட்டும். தீக்குச்சி, லைட்டர், சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். அங்கிருந்து முன்பக்கம் வரை குழாய் ஓடும். அந்தப் பாதை முழுக்கச் சொட்டுகிறதா, ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

4. ஈரம் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஏசி தண்ணீர் நிறமும் வாடையும் இல்லாமல் முன்பக்கத்தில் சொட்டும். ரேடியேட்டர் கூலன்ட் பச்சை, சிவப்பு போன்ற நிறத்தில் இருக்கும். பெட்ரோல் என்றால் வாடையே காட்டிக்கொடுக்கும். டீசல் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். எது என்று சந்தேகமாக இருந்தால் பெட்ரோல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. வாடையும் கசிவும் இல்லையென்றால் மட்டும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் பகுதியையும் ஒரு முறை பாருங்கள்.

ரீசெட் செய்வது எப்படி?

மேலே சொன்ன எதிலும் பிரச்சினை இல்லை என்றால்:

1. சாவி ஆஃப் நிலையில்தான் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

2. எழும்பி நிற்கும் பட்டனை 'க்ளிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். ஏற்கெனவே அழுந்திய நிலையில் இருந்தால் சுவிட்ச் ட்ரிப் ஆகவில்லை, காரணம் வேறு.

3. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி சில விநாடிகள் விடுங்கள். பம்ப் ஓடும் ரீங்காரம் கேட்கும். உடனே ஆஃப் செய்யுங்கள்.

4. இறங்கிப் போய் மறுபடியும் காருக்கு அடியில் பாருங்கள். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். பம்ப் ஓடாதபோது தெரியாத கசிவு, அழுத்தம் ஏறிய பிறகுதான் வெளியே தெரியும்.

5. கசிவு இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யுங்கள். ஓரிரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பிறகு மெதுவாகக் கிளம்புங்கள். அன்றைக்கே அல்லது மறுநாள் மெக்கானிக்கிடம் அடிப்பாகத்தைக் காட்டிவிடுவது நல்லது.

எப்போது அழுத்தவே கூடாது?

* பெட்ரோல் வாடை, கசிவு, புகை இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால்.
* ஏர்பேக் விரிந்திருந்தால்.
* கார் கவிழ்ந்திருந்தால், அல்லது பின்பக்கம் டேங்க் இருக்கும் பகுதி நசுங்கியிருந்தால்.
* உள்ளே யாராவது சிக்கியிருந்தால்.

இந்த நேரங்களில் விலகி நின்று உதவிக்கு அழைப்பதுதான் சரி. அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033 என்ற எண்ணையும் அழைக்கலாம். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரியும் பெட்ரோல் தண்ணீரோடு மிதந்து பரவும். சிறிய தீயாக இருந்தால் உலர் பவுடர் தீயணைப்பான் அல்லது மணல் பயன்படும். பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தால் அதைத் திறக்கவே கூடாது. காற்று உள்ளே போனதும் தீ குபீரென்று எழும்.

புதிய கார்களில் பட்டன் எங்கே?

தேடித் தேடிப் பார்த்தும் பட்டன் இல்லையா? ஆச்சரியமில்லை. இப்போதைய கார்கள் பலவற்றில் தனியாக சுவிட்ச் கிடையாது. மோதலை ஏர்பேக் கம்ப்யூட்டர் உணர்ந்து, இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்கும். அது பம்பை நிறுத்திவிடும். பிந்தைய ஃபோர்டு மாடல்கள் சிலவற்றில் சாவியை ஆஃப் செய்து, ஆன் செய்து, மறுபடி ஆஃப், ஆன் செய்தால் பம்ப் மீண்டும் இயங்கும். வேறு சில கார்களில் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டித்தான் சரிசெய்ய முடியும். எந்த முறையாக இருந்தாலும் முதலில் கசிவைப் பார்க்கும் விதி மாறாது.

மின்சாரக் கார்களில் பெட்ரோல் இல்லை என்றாலும் இதே தத்துவம் உண்டு. பலமான மோதலில் பேட்டரியின் உயர் அழுத்த மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். அதை ஓட்டுநர் ரீசெட் செய்ய முயலக் கூடாது. ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடவும் கூடாது.

"டைரக்ட் பண்ணிடலாம் சார்" என்றால்?

அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று போனால், சில இடங்களில் சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு வயரையும் நேராக முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். தொந்தரவு தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அதன் பிறகு உண்மையான விபத்து நடந்தால் பம்பை நிறுத்த இந்தப் பாதுகாப்பு இருக்காது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை எடுத்துவிட்டு நேர் வயர் கொடுப்பதற்குச் சமம் இது. சுவிட்ச் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா, வயர் கனெக்டரில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் சுவிட்சை மாற்றச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய ஃபோர்டு, ஃபியட் கார் வாங்கும்போது இந்த சுவிட்ச் இருக்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேனலைக் கழற்றச் சொல்லி, வயர் நேராக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திருட்டைத் தடுக்க முந்தைய உரிமையாளர் பெட்ரோல் பம்புக்குத் தனியாக மறைவு சுவிட்ச் வைத்திருக்கலாம். ஜிபிஎஸ் கருவியோடு ரிலே மாட்டியிருக்கலாம். இவையும் இதே மாதிரி காரை நிறுத்திவிடும் என்பதால் அதையும் கேட்டுவிடுங்கள்.

காரை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் ஒரு நாள் பகலில், அவசரம் இல்லாத நேரத்தில் சுவிட்சைத் தேடிக் கண்டுபிடித்து போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கார் ஓட்டும் மற்றவர்களுக்கும் காட்டிவிடுங்கள். ராத்திரி நேரத்தில் குடும்பத்தோடு நடுவழியில் நிற்கும்போது அந்தப் படம் உதவும். பட்டனை அழுத்த ஒரு விநாடி போதும். அதற்கு முன் காரைச் சுற்றி வந்து வாடையும் கசிவும் பார்ப்பதுதான் உயிரைக் காப்பாற்றும்.